நீல முட்டை வர்க்கம் எண்டு தந்த சேவல் வந்து ரெண்டு மாசம், முட்டை இன்னும் பழைய நிறம்தான். என்ன செய்யலாம்?

நிலாவெளித் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட வளவில பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழி நிக்குது. எல்லாம் அம்மா வளர்த்த வர்க்கம். முட்டை சிலது பால் நிறம், சிலது வெளிறின பிரவுண். குருநாகல் பக்கம் வேலை செய்யிற மாமா ஒரு சேவல் கொண்டுவந்து தந்தவர். அதின்ர தாய் நீல முட்டை போட்டதெண்டு குடுத்தவை சொன்னவையாம். சாம்பல் நிறம், கன்னத்தில தாடி மாதிரி இறகு. கொண்டை நிமிர்ந்து நிக்காமல் தலையோட ஒட்டி மூண்டு வரியாய்க் கிடக்கு.

பழைய சேவலைக் கறியாக்கிட்டம். இப்ப இது ஒண்டுதான் நிக்குது. நல்லா மிதிக்குது, அதில குறை சொல்ல ஏலாது. ஆனால் இண்டைவரைக்கும் ஒரு முட்டையிலகூட நீலமோ பச்சையோ இல்லை.

அண்ணை கடற்கரைப் பக்கம் சின்னதாய் ஒரு கெஸ்ட்ஹவுஸ் நடத்திறார். சீசனுக்கு வாற வெள்ளைக்காரர் ஊர் முட்டையை விரும்பிச் சாப்பிடினம். நீலமும் பச்சையும் பிரவுணுமாய் ஒரு கூடை காலைச் சாப்பாட்டு மேசையில வைக்கவேணும் எண்டு அவருக்கு ஆசை. எனக்கு இந்த நிறம் உண்மையில எங்கயிருந்து வருது எண்டு அறியவும் ஆசை.

சேவல் விஷயத்தில மாமாவை ஏமாத்திட்டினமோ? தீனில ஏதும் சேர்க்கவேணுமோ? சந்தையில ஒருத்தர் கருங்கோழி வாங்கினால் கறுப்பு முட்டை போடும் எண்டு அடிச்சுச் சொல்லுறார், அது உண்மையோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


பாலையூற்று:

தம்பி, முருங்கை இலை, அகத்தி, சோளம், செவ்வந்திப் பூ இதெல்லாம் நறுக்கிக் குடுத்துப் பாருங்க. எங்கட வீட்டில குடுத்துக் கொஞ்ச நாளில முட்டை நிறம் நல்லா மாறினது. ஆம்லெட் போட்டால் செம்மஞ்சளாய் இருக்கும்.


சாம்பல்தீவு வளவு:

பாலையூற்றுக்காரர் சொன்னது மஞ்சள் கருவுக்குச் சரி. முருங்கையிலயும் சோளத்திலயும் இருக்கிற கரோட்டினொயிட் எண்ட சாயம் நேரே கருவுக்குத்தான் போகும். அதை விடாமல் குடுங்கோ, கோழிக்கும் நல்லது. கோதின்ர நிறத்தைத் தீனால நீலமாக்கவோ பச்சையாக்கவோ ஏலாது.

தம்பி, உங்கட மாமாவை ஏமாத்தினவை எண்டு இப்ப சொல்ல ஒரு காரணமும் இல்லை. நீங்க பார்த்துக்கொண்டு இருக்கிறது அம்மாவின்ர பேடுகள் போடுற முட்டையை. அதில எந்தச் சேவல் வந்து மிதிச்சாலும் நிறம் மாறாது. கோது எந்த நிறம் எண்டதைத் தீர்மானிக்கிறது முட்டை போடுற பேட்டின்ர உடம்பு மட்டும்தான். மஞ்சள் கரு இறங்கி, வெள்ளைக் கரு சுத்தி, தோல் மூடி, பிறகு கருப்பையில கிட்டத்தட்ட 20 மணித்தியாலம் கிடந்துதான் கோது கட்டுப்படுது. நிறம் பூசுப்படுறதும் அங்கதான். சேவல் குடுக்கிறது உள்ளுக்குள்ள இருக்கிற குஞ்சுக்கு. அந்தக் குஞ்சு பேடாய்ப் பிறந்து, வளர்ந்து, ஆறேழு மாசத்தில தலைமுட்டை போடேக்கதான் தகப்பன் என்ன கொண்டுவந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். அதனால இப்ப செய்யவேண்டியது அடை வைக்கிறது. ரெண்டு மாசமாய் அந்த முட்டையெல்லாம் பொரிச்சுச் சாப்பிட்டிருந்தால் இனியாவது கொஞ்சம் மிச்சம் பிடியுங்கோ.

ஒரு காரியம் செய்து பாருங்கோ, எனக்கு இது எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. ஒரு பிரவுண் முட்டையை உடைச்சு, கோதுக்கு உள்பக்கம் ஒட்டிக் கிடக்கிற மெல்லிய தோலை நகத்தால உரிச்சு எடுங்கோ. உள்ளுக்குள்ள வெள்ளை வெளேரெண்டு இருக்கும். பிரவுண் எண்டது கடைசி நேரத்தில மேலால பூசின பூச்சு, புரோட்டோபோர்பிரின் எண்ட சாயம். இப்பத்தான் போட்ட கடும் பிரவுண் முட்டையை ஈரம் காயமுந்தி விரலால தேய்ச்சால் விரலில கொஞ்சம் பிரளும். நீல முட்டையை உடைச்சு அதே மாதிரி உரிச்சுப் பாருங்கோ, உள்ளுக்கும் அதே நீலம். வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சால் கோதின்ர உடைஞ்ச விளிம்பு முழுக்க நிறம் ஓடியிருக்கும். அது பிலிவேர்டின். எங்களுக்கு அடிபட்டுக் கண்டின இடம் ஆறேக்க பச்சையாய் வருமே, அந்தப் பச்சையும் இதே பொருள்தான். கோது கட்டத் தொடங்கினதில இருந்து அது ஊறிக்கொண்டே இருக்கிறதால உள்ளும் புறமும் ஒண்டாய் இருக்கு.

இப்ப பச்சை முட்டையை உடையுங்கோ. உள்ளுக்கு நீலம், வெளியில பச்சை. ஏனெண்டால் பச்சை எண்டு தனியாய் ஒரு சாயம் கோழிக்கு இல்லை. நீலக் கோதுக்கு மேல மெல்லிசாய் பிரவுண் விழுந்தால் பச்சை, தடிப்பாய் விழுந்தால் ஒலிவ் நிறம். இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் தானாய் விளங்கும். அண்ணையின்ர கூடைக்கு வேண்டிய அத்தனை நிறமும் இந்த ரெண்டு சாயத்தாலதான் வருது. ரெண்டும் இல்லாட்டி வெள்ளை.

கறுப்பு முட்டை எண்டு உலகத்தில ஒரு கோழியும் போடுறதில்லை. இந்தியாவில மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத் கோழிக்கு இறைச்சியும் எலும்பும்கூடக் கறுப்பு, முட்டை மட்டும் பால்நிறம் இல்லாட்டி வெளிறின பிரவுண். உடம்பைக் கறுப்பாக்கிற சாயம் வேற, கோதுக்குப் போற சாயம் வேற. காது மடல் வெள்ளை எண்டால் வெள்ளை முட்டை, சிவப்பு எண்டால் பிரவுண் எண்டு சொல்லுறதையும் முழுசாய் நம்பவேண்டாம். நீல முட்டைக்குப் பேர்போன அரௌகானாவின்ர காது மடல் சிவப்பு.

அந்த அரௌகானா தென்னமெரிக்காவில சிலி நாட்டுக் கோழி, மாப்புச்சே எண்ட ஆதிக்குடி மக்கள் வளர்த்த வர்க்கத்தில இருந்து வந்தது. இந்த நீலம் எப்பிடி வந்தது எண்டு 2013 இல கண்டுபிடிச்சினம். எப்பவோ ஒரு காலத்தில ஒரு வைரஸின்ர துண்டு கோழியின்ர முதலாம் நிறமூர்த்தத்தில (குரோமோசோமில) வந்து சொருகி, அங்கயே தங்கிட்டுது. அதுக்குப் பக்கத்தில இருக்கிற பரம்பரையலகு (ஜீன்) அதால கருப்பையில வேலைசெய்யத் தொடங்கி, பிலிவேர்டினைக் கோதுக்குள்ள இறக்குது. சீனாவிலயும் டொங்சியாங் எண்ட ஊர்க்கோழி நீல முட்டை போடும். அங்கயும் அதே வகை வைரஸ் துண்டுதான், ஆனால் சிலிக் கோழியில புகுந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தனியாய் புகுந்திருக்கு. ரெண்டு கண்டத்தில ரெண்டு தரம் நடந்திருக்கு. இப்ப அந்த வைரஸால கோழிக்கும் ஒண்டும் இல்லை, முட்டை சாப்பிடுற எங்களுக்கும் ஒண்டும் இல்லை. சுவையும் சத்தும் மற்ற முட்டை மாதிரித்தான். மருந்து முட்டை எண்டு சொல்லி விலை கூட்டி விக்கிற ஆக்களிட்ட ஏமாறாதேங்கோ, நீங்களும் அப்பிடிச் சொல்லி விக்காதேங்கோ.

இனி உங்கட சேவலுக்கு வருவம். நீலம் ஆட்சியான குணம். அதுக்குரிய பரம்பரையலகு தாயிட்ட இருந்து ஒரு பங்கு, தகப்பனிட்ட இருந்து ஒரு பங்கு வரலாம். அதில ஒரு பங்கு இருந்தாலே போதும், கோதில தெரியும். உயர்தரத்தில உயிரியல் படிச்ச ஆக்களுக்கு, பிள்ளைக்கு எந்தக் குணம் வரும் எண்டு கட்டம் கீறிக் கணக்குப் பார்க்கிற புனெட் சதுரம் ஞாபகம் இருக்கும். அந்தப் புனெட்தான் 1933 இல நீல முட்டையைப் பற்றி எழுதி, இது ஆட்சியான குணம் எண்டு காட்டினவர். பிறகு கேம்பிரிட்ஜில அவரும் பீஸ் எண்டவரும் உருவாக்கின கோழியில இருந்துதான் கிரீம் லெக்பார் எண்ட நீல முட்டை வர்க்கம் வந்தது. உங்கட சேவலின்ர தாய் நீல முட்டை போட்டது உண்மையாய் இருந்தாலும், சேவலுக்கு அந்தப் பங்கு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். ரெண்டு பங்கும் இருந்தால் அதுக்குப் பிறக்கிற எல்லாப் பேடும் நிற முட்டை போடும். ஒரு பங்கு எண்டால் பாதிப் பேடு. இல்லாட்டி ஒண்டும் இல்லை.

கொண்டை மூண்டு வரியாய்த் தாழ்ந்து கிடக்கு எண்டது நல்ல சகுனம். அந்தக் கொண்டைக்குரிய பரம்பரையலகும் நீலத்துக்குரியதும் ஒரே நிறமூர்த்தத்தில கிட்டக் கிட்ட இருக்கு. ரெண்டும் ஒண்டாய்ச் சேர்ந்து வந்த வர்க்கத்தில, 100 இல 95 க்குக் குறையாமல் ஒண்டாய்த்தான் குஞ்சுக்கும் போகும். உங்கட பேடுகள் எல்லாம் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை எண்டால், பொரிக்கிற குஞ்சுகளில தாழ்ந்த கொண்டை உள்ளதைப் பிரிச்சு வைக்கலாம். முட்டை போடுற வயசு வரும்வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கலப்பில அந்தக் கொண்டை தகப்பன்ர அளவு ஒட்டிக் கிடக்காது, கொஞ்சம் உயரமாய், ஒழுங்கில்லாமல் இருக்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

எங்கட ஊர்க்கோழியோட கலக்கேக்க முதல் தலைமுறையில சுத்த நீலத்தை எதிர்பார்க்காதேங்கோ. ஊர்க்கோழி முட்டையில கொஞ்சமாவது பிரவுண் இருக்கு. அதனால வாறது பாசிப் பச்சை, தேயிலைப் பச்சை, சில நேரம் மங்கின நீலப்பச்சை. என்ர வளவில முதல்முதலாய் நிற முட்டை போட்டது கழுத்து மொட்டைப் பேடு ஒண்டு. விறகுக் கொட்டிலுக்குப் பின்னால தென்னோலைக் குவியலுக்குள்ள ஒளிச்சுப் போட்டு வைச்சிருந்தது. இளம் பாக்கின்ர பச்சை, தடிச்ச பக்கத்தில குங்குமப்பூ தெளிச்ச மாதிரி சின்னச் சின்னப் பிரவுண் புள்ளி. சுத்த நீலம்தான் வேணும் எண்டால் வெள்ளை முட்டை போடுற லெகோன் பேட்டோட விடவேணும். ஒலிவ் வேணும் எண்டால் ரோட் ஐலண்ட் மாதிரிக் கடும் பிரவுண் போடுறதோட. பிரவுண் எண்டது ஒரு பரம்பரையலகால வாறதில்லை, பல சேர்ந்து வாறது. தாய் பக்கமும் தகப்பன் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாய் வரும். கடும் நிறத்து முட்டையில பொரிச்ச சேவலை வைச்சிருந்தால்தான் தலைமுறைக்குத் தலைமுறை கடுக்கும்.

நான் இவ்வளவு எழுதினதுக்கு உண்மையான காரணத்தைச் சொல்லுறன். நிறத்துக்கு ஆசைப்பட்டு ஊர்க்கோழியை அழிச்சுப்போடாதேங்கோ. வடிவான முட்டை போடுற வர்க்கங்கள் கன இடத்தில இருக்கு, ஆனால் அடை கிடந்து குஞ்சு பொரிச்சு, பருந்தைக் கண்டால் குரல் குடுத்து, குஞ்சை இறக்கைக்குள்ள வாரிக்கொண்டு, குப்பையைக் கிளறித் தானே தீன் தேடித் தின்னுற பேடு அம்மா உங்களுக்கு விட்ட சொத்து. லெகோனும் பண்ணைக் கலப்புகளும் அடை கிடக்கிறது அருமை, ஏனெண்டால் தலைமுறை தலைமுறையாய் அந்தக் குணத்தைக் கழிச்சுத்தான் அவையை எடுத்தவை. நான் குஞ்சு தெரிவு செய்யேக்க முதல்ல பார்க்கிறது தாய் ஒழுங்காய் அடை கிடந்து வளர்த்ததோ எண்டு. பிறகு அந்தப் பேடு கச்சான் காற்றடிக்கிற மாசங்களில தாக்குப்பிடிச்சதோ எண்டு. நிறம் மூண்டாவது. முட்டை எவ்வளவு வடிவாய் இருந்தாலும் முதல் ரெண்டும் இல்லாத பேட்டை நான் வர்க்கத்துக்கு விடுறதில்லை.

இன்னொண்டு. பழைய சேவலைக் கறியாக்கின உடனே எடுத்த முட்டையை அடை வைச்சால், பிறக்கிறது பழைய சேவலின்ர பிள்ளையாயும் இருக்கலாம். பேடு விந்தை உடம்புக்குள்ள ரெண்டு மூண்டு கிழமை வைச்சிருக்கும். உங்களுக்கு ரெண்டு மாசம் கடந்ததால பயமில்லை. ஆனால் பக்கத்து வளவுச் சேவல் வேலி பாய்ஞ்சு வாறதெண்டால், அடை முட்டைக்கு விடுற பேடுகளை மூண்டு கிழமையாவது வலை அடிச்சு மறிச்சு வையுங்கோ.


கிண்ணியா:

அக்கா நல்லா விளக்கமா எழுதி இருக்காங்க. நான் ரெண்டு விசயம் சேர்க்கிறன்.

தம்பி, அந்தக் கொண்டை விசயத்தில கொஞ்சம் கவனம். எங்கட பக்கம் சண்டைச் சேவல் வர்க்கம் ஊர்க்கோழியோட நிறையக் கலந்து கிடக்குது. அசீல் வர்க்கத்துக்கும் கொண்டை அப்பிடித்தான், தாழ்ந்து மூணு வரியா இருக்கும். ஆனா அதுக்கு நீல முட்டையோட ஒரு சம்பந்தமும் இல்ல. உங்கட அம்மாட பேடுகள்ல ஒண்டு ரெண்டுக்கு அந்தக் கொண்டை இருந்தா, அதுகள்ட குஞ்சுல கொண்டையப் பார்த்து நீலம் எண்டு முடிவெடுக்க ஏலாது. ஒற்றைக் கொண்டைப் பேடுகளைத் தனியாப் பிரிச்சு, அதுகள்ட முட்டையை மட்டும் வைங்க. உங்கட சேவலும் அசீல் கலப்பாலதான் அந்தக் கொண்டையை எடுத்ததோ தெரியாது. கன்னத்துல தாடி இருக்கு எண்டுறதால எனக்கு நம்பிக்கை இருக்கு, அது நம்மட சண்டைச் சேவலுக்கு வராது.

சேவலுக்கு ஒரு பங்கா ரெண்டு பங்கா எண்டு அறியிறதுக்கு வழி, வெள்ளை முட்டைப் பேட்டோட விட்டுப் பிறக்கிற பேடுகளைப் பார்க்கிறது. ஒரு பேடு வெள்ளை போட்டாலே சேவலுக்கு ரெண்டு பங்கு இல்ல, ஒண்டுதான், இல்லாட்டி ஒண்டும் இல்ல எண்டு தெளிவு. எட்டுப் பேடும் நிறமாப் போட்டா, அது ஒரு பங்குச் சேவலா இருக்கிறதுக்கு 256 இல ஒரு வாய்ப்புத்தான். அஞ்சு பேடு எண்டா 32 இல ஒண்டு. எட்டுப் பேடு வளர்த்து முட்டைக்குக் கொண்டு வாறது லேசில்ல, தீன் விலை உங்களுக்கே தெரியும். அதனால சேவலைச் சோதிக்கிறதுக்கு எண்டே வளர்க்காம, விக்கவும் வைச்சிருக்கவும் ஏத்த குஞ்சா எடுத்து அதிலயே பாருங்க.

இன்கியுபேட்டர்ல வைக்கப் போறீங்களா, அடைக்கோழியிலயா? எங்கட பக்கம் கரண்ட் போனா எப்ப வரும் எண்டு சொல்ல ஏலாது. பெட்டரி இல்லாம இன்கியுபேட்டர் வைக்காதீங்க.


நிலாவெளித் தம்பி:

அக்கா, நானா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. வாசிச்ச உடனே முட்டை உடைச்சுத் தோல் உரிச்சுப் பார்த்தன். அக்கா சொன்ன மாதிரியே உள்ளுக்கு வெள்ளை. இவ்வளவு காலம் முட்டை சாப்பிட்டும் இதைக் கவனிச்சதில்லை. அம்மாவும் வந்து பார்த்தா.

பேடுகளைப் பிடிச்சுக் கொண்டை பார்த்தன். ஒண்டைத் தவிர எல்லாம் ஒற்றைக் கொண்டை. அந்த ஒண்டு காலும் நீளம், நானா சொன்ன சண்டைக்கோழிக் கலப்பு எண்டு நினைக்கிறன், அதின்ர முட்டையைப் புறம்பாய் எடுக்கிறன். இன்கியுபேட்டர் இல்லை. ஒரு செவலைப் பேடு அடைக்கு இருக்கு, கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்துது.

இப்ப கச்சான் தொடங்கிட்டுது. இந்த வெக்கையில அடை வைக்கலாமோ, மாரி தொடங்குமட்டும் பொறுக்கிறதோ? போன வருசம் இதே காலத்தில வைச்சதில பாதிக்கு மேல கூமுட்டை. பிறகு, பேடுகள் போடுற முட்டையே இப்ப கோது மெலிஞ்சு, எடுக்கேக்கயே நெளியுது.


சாம்பல்தீவு வளவு:

கோது மெலியிறதுக்குக் காரணம் வெக்கைதான் தம்பி. கோழிக்கு வியர்வை இல்லை, வாயைத் திறந்து இளைச்சுத்தான் சூட்டை வெளியில விடும். அப்பிடி இளைக்க இளைக்க இரத்தத்தில இருக்கிற காபனீரொட்சைட்டு வெளியில போகும், கோது கட்டத் தேவையான காபனேற்று குறையும். தீனும் குறைவாய்த்தான் எடுக்கும். விடியவெள்ளனவும் பொழுதுபட்ட பிறகும் தீன் போடுங்கோ, மத்தியானம் வேண்டாம். மண்சட்டியில தண்ணி நிழலில வைச்சு, மத்தியானத்தில ஒருக்கா மாத்துங்கோ. உங்களுக்குக் கடற்கரை கிட்ட. சிப்பி பொறுக்கி, நல்ல தண்ணியில உப்புப் போகக் கழுவி, காயவைச்சு, உரலில நொறுக்கி ஒரு சிரட்டையில புறம்பாய் வையுங்கோ. தீனோட கலக்கவேண்டாம். முட்டை போடுற பேடு தனக்கு வேண்டிய அளவு தானே எடுக்கும், குஞ்சுக்கும் சேவலுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு கூடாது. இந்த மாசங்களில பிரவுணும் வெளிறித்தான் வரும். ஒரு பேடு முட்டை போடத் தொடங்கேக்கதான் நிறம் கடும், போகப் போக மங்கும், அடை கிடந்து எழும்பி ஓய்வெடுத்த பிறகு திரும்ப ஏறும். அதனால ஒரு பேட்டின்ர நிறத்தை ஒரு முட்டையை வைச்சு மதிக்காதேங்கோ.

அடை இப்ப வைக்கலாம், பேடு இருக்கேக்க விடாதேங்கோ. போன வருசம் கூமுட்டையாய்ப் போனதுக்கு முட்டை சேர்த்த விதம் காரணமாய் இருக்கலாம். எங்கட வீடுகளில கச்சான் நேரம் அறைச் சூடே 30 பாகைக்கு மேல. அந்தச் சூட்டில முட்டைக்குள்ள கரு அரைகுறையாய் வளரத் தொடங்கி, அடைக்கு வைக்கமுந்தியே செத்துப்போகும். குளிரான இடங்களில ஒரு கிழமை வைச்சிருக்கலாம், எங்களுக்கு நாலைஞ்சு நாளுக்கு மேல வேண்டாம். காலையும் மாலையும் பொறுக்கி, வீட்டில குளிர்ச்சியான மூலையில, ஈரச் சாக்குப் போட்ட மண்பானைக்குப் பக்கத்தில கூர்ப்பக்கம் கீழ பார்க்க வையுங்கோ. பிரிட்ஜுக்குள்ள வைக்காதேங்கோ, அந்தக் குளிர் கருவுக்குக் கூடாது. கழுவவும் வேண்டாம், கோதுக்கு மேல இருக்கிற மெல்லிய படை கழுவினால் போயிடும், கிருமி உள்ளுக்குப் போகும். ஊத்தை பட்ட முட்டையை அடைக்கு எடுக்காமல் சமைச்சுச் சாப்பிடுங்கோ.

அகலமான மண்சட்டியில கடல்மண் போடாதேங்கோ, உப்பு. ஆத்துமண் போட்டு, அடியில தண்ணி தெளிச்சு ஈரமாக்கி, மேல காய்ஞ்ச வைக்கோல், அதுக்குள்ள ஒரு பிடி வேப்பிலை. வேப்பிலை பேனுக்கு. அடைக்கோழிக்குப் பேன் விழுந்தால் இருக்காது, எழும்பிப் போயிடும். அம்மா கரித்துண்டும் ஆணியும் வைக்கச் சொல்லுவா, இடிக்கு எண்டு. வையுங்கோ, என்ர அம்மாவும் வைக்கிறவ, நானும் வைக்கிறன். ஊர்ப் பேட்டுக்குப் பத்து முட்டை போதும், பன்னிரண்டுக்கு மேல போனால் ஓரத்து முட்டைக்குச் சூடு காணாது. எல்லா முட்டையையும் ஒரே நாளில வையுங்கோ, 21 நாளில ஒண்டாய்ப் பொரிக்கும். ஏழாம் நாள் இரவு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, சிலந்தி வலை மாதிரி இரத்தக்குழாய் தெரிஞ்சால் கரு இருக்கு. பச்சையும் கடும் பிரவுணும் அந்தளவு லேசில தெரியாது, அதுக்குப் பத்தாம் நாள் மட்டும் பொறுங்கோ. தெரியேல்லை எண்டு எறிஞ்சிடாதேங்கோ.

குஞ்சு பொரிச்சால் கீரிக்குக் கூட்டை அடைக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரிஞ்சும் விடுறது ரணிகெட் ஊசியை. அந்த நோய் வளவுக்குள்ள வந்தால் நீலமும் பச்சையும் எல்லாம் ஒரு கிழமைக்குள்ள போயிடும். எங்கட ஒழுங்கையில ஒரு வருசம் அப்பிடி வந்தது, கழுத்துத் திருகிக்கொண்டு விழுந்த கோழியளைப் பார்க்க ஏலாது. என்ர வளவில நிண்டது ஊசி போட்டது மட்டும். அந்தக் கழுத்து மொட்டைப் பேட்டின்ர வழி அதாலதான் இண்டைக்கும் இருக்கு. கால்நடை வைத்தியர் அலுவலகத்தில எப்ப போடுறது எண்டு கேட்டு, அந்தத் திகதியைக் கலண்டரில எழுதி வையுங்கோ.

குஞ்சுக்குக் கால் வளையம் போடுங்கோ, இந்தக் குஞ்சு எந்தப் பேட்டின்ர, எந்த முட்டையில பொரிச்சது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. சின்னப் பிளாஸ்ரிக் வளையம் கடையில இருக்கு, இல்லாட்டி நிற நிறமாய்க் கேபிள் டை. கால் தடிக்கத் தடிக்க வெட்டி மாத்தவேணும். ரெண்டாம் தலைமுறைக்கு வரேக்கதான் இதின்ர அருமை தெரியும். நிற முட்டை போடுற மகளைத் தகப்பனோடயே விட்டால், ரெண்டுக்கும் ஒவ்வொரு பங்கு எண்டு வைச்சால், நாலில மூண்டு குஞ்சுக்கு நீலம் வரும், அதில ஒண்டுக்கு ரெண்டு பங்கும் வரும். நிறம் நிலைக்கும். ஆனால் சொந்தத்துக்குள்ளயே திரும்பத் திரும்ப விட்டால் கூமுட்டை கூடும், குஞ்சு நோஞ்சானாய் வரும். ஒருக்காச் செய்யலாம், பழக்கமாக்கக் கூடாது. அதுக்கு வேற வளவுச் சேவல் வேணும்.

அதுக்கு நான் உதவலாம். என்ர வளவில இப்ப நிக்கிற நிறச் சேவல் உங்கடதுக்கு ஒரு வழியிலயும் சொந்தமில்லை. உங்கட செவலைப் பேட்டுக்கு வைக்கிற பத்தில நாலு முட்டை என்னட்ட இருந்து எடுத்துக்கொண்டு போங்கோ, காசு வேண்டாம். அதில பொரிக்கிற சேவலொண்டை வைச்சிருந்தால் ரெண்டாம் தலைமுறைக்கு உங்கட பேடுகளுக்கு ஆகும். பதிலுக்கு உங்கட ஒற்றைக் கொண்டைப் பேட்டில பிறந்த தாழ்ந்த கொண்டைச் சேவல் ஒண்டு எனக்கு வேணும், வளர்ந்த பிறகு. கிண்ணியாத் தம்பிக்கும் வேணும் எண்டால் சொல்லுங்கோ, மூண்டு வளவுக்கும் சேவல் மாறி மாறிப் போனால் மூண்டு பேரின்ர வர்க்கமும் நிக்கும்.


கிண்ணியா:

எனக்கும் வேணும் அக்கா. என்னட்ட ஒரு வெள்ளை லெகோன் பேடு நிக்குது, நல்லா முட்டை போடுது. தம்பிட சேவலை ஒரு மாசத்துக்கு என்னட்ட விட்டா, அந்தப் பேட்டுல பிறக்கிற குஞ்சுல சோதனையும் பார்த்திடலாம். அடைக்கு என்னட்ட வேற ஊர்ப்பேடு இருக்கு. சேவலுக்கு ஊசி போட்டு ரெண்டு கிழமை கழிச்சுக் கொண்டு வாங்க, இங்க நானும் கொஞ்ச நாள் தனியா அடைச்சு வைச்சுப் பார்த்துத்தான் பேட்டோட விடுவன்.


நிலாவெளித் தம்பி:

நானா, முதல்ல என்ர பேடுகளிட்ட இருந்து ரெண்டு அடைக்குக் காணும் முட்டையை எடுத்துக்கொண்டு, பிறகு சேவலைக் கொண்டு வாறன். அக்கா, ஞாயிறு வரட்டோ? முட்டையை எதில கொண்டு போறது நல்லது? நிலாவெளி பஸ் குலுக்கிற குலுக்கலுக்குப் பயமாய் இருக்கு.


சாம்பல்தீவு வளவு:

வாங்கோ. வியாழனில இருந்து போடுற முட்டையை உங்களுக்கெண்டு எடுத்து வைக்கிறன், எந்தப் பேட்டின்ர எண்டு பென்சிலால எழுதியும் தாறன். பேனாவால எழுதினால் மை உள்ளுக்கு ஊறும். சின்ன வாளி ஒண்டில பாதிக்கு உமி கொண்டு வாங்கோ. கூர் கீழ பார்க்க உமிக்குள்ள புதைச்சு, வாளியை பஸ்ஸில கீழ வைக்காமல் மடியில வைச்சுக்கொண்டு போங்கோ. வெயில் ஏறமுந்தி, காலமை பஸ்ஸில போறது நல்லம். வீட்டை போன உடனே பேட்டுக்குக் கீழ வைக்காதேங்கோ. ஒரு இரவு அசையாமல் வைச்சு, அடுத்த நாள் பொழுதுபட உங்கட முட்டையோட சேர்த்து அடை வையுங்கோ. இருட்டில வைச்சால் பேடு குழம்பாது.